கூரைக்கு வெளியே

யோகம் பெட்டியருகே குனிந்து நின்று, செத்துப்போன கணவனின் வேட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிரேதத்தை ஒழுங்குசெய்த மலர்ச்சாலைக்காரன் அதைத் துவாய் சுற்றுவதுபோலச் சுற்றி, இடுப்பில் இரண்டு ஊசி குத்திவிட்டிருந்தான். ஊசிகளை உருவி யன்னல் கட்டில் வைத்தாள்.

"அம்மா, விடுங்கோ. சனம் வரத் தொடங்கிட்டுது," என்றாள் மகள் துஷானி.

"வரட்டும். இதை இப்பிடியே விட்டால் அதுக்கும் ஒரு கதை கட்டுவினம். இடுப்பைத் தூக்கு."

துஷானி இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினாள். குளிர் அறையின் குளிர் உடம்பில் இன்னும் இருந்தது. யோகம் துணியை இழுத்துச் சுற்றி, மடித்துச் செருகினாள். கரை கோணாமல் விழுந்திருக்கிறதா என்று கால்மாட்டில் போய் நின்று பார்த்தாள். அழவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் அழவில்லை.

பெர்லினின் தென்பகுதியில், தெருவோடு ஒட்டியிருந்த மயான மண்டபம் அது. கல்லறைகள் பின்பக்கம், மதிலுக்கு அப்பால். முன்பக்கம் கல் பதித்த ஒரு முற்றம், ஒரு இரும்புப் படலை, பிறகு தெரு. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் குடையை மடக்கிச் சுவரோடு சாத்திவிட்டு, பெட்டியை ஒரு முறை சுற்றிவந்து, கதிரைகளில் அமர்ந்தார்கள்.

தமிழர் மன்றத்தின் தலைவர் தம்பித்துரை கறுப்புக் கோட்டோடு வந்தார். பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு யோகத்தின் பக்கம் திரும்பினார்.

"ஐயருக்கு இண்டைக்கு வேறை இடத்திலை டெர்மினாம், யோகம். நான் எவ்வளவோ கேட்டுப் பாத்தன். பரவாயில்லை, தேவாரம் நானே படிச்சு விடுறன்."

"போன மாசம் உங்கடை மாமிக்கு வந்தவர்."

"அது முதலே சொல்லி வச்சதெல்லே."

"மாமி சாகப் போறா எண்டு முதலே சொல்லி வச்சனீங்களோ, அண்ணை?"

தம்பித்துரை சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஒலிவாங்கியைச் சரிபார்க்கப் போனார்.

பக்கத்து அறையில் துஷானி தேநீர்க் குடுவைகளை வைத்திருந்தாள். தம்பித்துரையின் மனைவி பிறேமா அங்கே போய், மேசையைப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள்.

"தேத்தண்ணி குடியுங்கோ, அன்ரி."

"எனக்குச் சீனி வருத்தம், பிள்ளை."

"சீனி போடேல்லை."

"இருக்கட்டும், இருக்கட்டும்."

யோகத்துக்கு அது புதிதில்லை. அவளுடைய வீட்டு வாசலில் கால் வைத்ததும் எல்லோருக்கும் வருத்தம் வந்துவிடும். ஒருவருக்குச் சீனி, ஒருவருக்கு வாய்வு, ஒருவருக்கு அன்றைக்கென்று பார்த்து விரதம். முப்பது வருடமாக அவளுடைய கோப்பைகள் கழுவாமலே அலுமாரிக்குத் திரும்பிப் போயின. ஊரில் அவளுடைய கணவன் கனகலிங்கத்தின் ஆட்கள் எந்தக் கிணற்றில் அள்ளலாம், எந்தக் கிணற்றில் அள்ளக்கூடாது என்பது இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "ஊரிலை எந்தப் பக்கம்?" என்று ஒரு கேள்வி. பதில் கிடைத்ததும் முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். அவ்வளவுதான்.

மன்றத்து விழாக்களுக்குக் கனகலிங்கத்தைக் கூப்பிடுவார்கள். கதிரை அடுக்க. சோறாக்கிய கிடாரம் கழுவ. கழுவிய கிடாரத்துக்குள் அரிசி போட விடமாட்டார்கள். அவர் போவார். கழுவுவார். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். யோகம்தான் கத்துவாள். அவர் கேட்டுக்கொண்டே சப்பாத்து நாடாவை அவிழ்ப்பார்.

இன்றைக்கு அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். அவர் வேலை செய்த இடத்துத் தலைவர் ஹெர் கப்லான் வர வேண்டும். வந்து, இந்தச் சனத்துக்கு முன்னால், கனகலிங்கத்தின் தலைமாட்டில் நின்று நாலு வார்த்தை சொல்ல வேண்டும். தம்பித்துரை எழுதிக்கொண்டுவந்த நிகழ்ச்சி நிரலில், மன்றச் செயலாளரின் பெயரை வெட்டிவிட்டு அந்தப் பெயரைப் போடவைத்தாள். கப்லானிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. செத்தவீட்டுக்கு வருகிற பெரிய மனிதரை யாரும் முதலே கேட்பதில்லை. பெயரைக் கூப்பிட்டால் எழுந்து வந்து பேசுவார்கள். துஷானி தொலைபேசியில் நேரத்தைச் சொன்னபோது, "கட்டாயம் வருவேன்" என்று அவர் சொல்லியிருந்தார். அது போதும்.

கனகலிங்கம் இருபத்திரண்டு வருடம் ஒரு சினகோக்கில் ஹவுஸ்மைஸ்டராக, கட்டடத்தைப் பராமரிப்பவராக இருந்தார். யூதர்களின் கோயில். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. முன்னால் நாலு மாடிக் குடியிருப்பு, கீழே ஒரு சைக்கிள் கடை, நடுவில் ஒரு வளைவு. வளைவுக்குள் நுழைந்து முற்றத்தைத் தாண்டினால் பின்னால் அது நிற்கும். போருக்கு முந்திய வருடம், நாஜிகள் நாடு முழுக்க யூதக் கோயில்களைக் கொளுத்திய அந்த நவம்பர் இரவில் இதையும் கொளுத்த வந்தார்கள். தீ முன்வீடுகளுக்குத் தாவிவிடும் என்பதற்காக, உள்ளே இருந்ததை மட்டும் உடைத்துவிட்டுப் போனார்கள். கனகலிங்கம் அதைச் சொல்லும்போது, "அயல்வீட்டுக் கதிரை மேசைக்கு இரங்கினவங்கள்" என்பார். போர் முடிந்தபின் அது பலகைக் கிடங்காக இருந்தது. பெரிய கூடத்தில் இன்றைக்கும் பூச்சு உதிர்ந்துதான் கிடக்கிறது. வழிபாடு பக்கத்துச் சின்ன அறையில். வருபவர்கள் பெரும்பாலும் சோவியத் நாட்டிலிருந்து வந்த கிழவர்கள். வளைவின் வாயிலில் எந்நேரமும் பொலிஸ் நிற்கும். அதைத் தாண்டினால் இரண்டு கதவு. இரண்டுக்கும் திறப்பு கனகலிங்கத்திடம் இருந்தது.

"பத்து ஆம்பிளையள் சேர்ந்தால்தான் சில செபங்களைச் சொல்லலாமாம்," என்று ஒரு நாள் அவர் சொன்னார். "ஒன்பது பேரோடை நிண்டுதெண்டால் நான்தான் போனெடுத்து ஆரையும் எழுப்புறது."

"ஏன், நீங்கள் பத்தாவது ஆளா நிக்கிறதுதானே?"

"நான் கணக்கில்லை."

"பிறகேன் அங்கை கிடந்து சாகிறியள்?"

"கணக்கில்லை எண்டு முகத்துக்கு நேரை சொல்லுகினம். தேத்தண்ணியைத் தாங்கள் குடிக்கிற கிளாசிலையே தருகினம்."

அதற்குமேல் அவள் கேட்டதில்லை. அவர் அந்த இடத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவாள். வெள்ளிக்கிழமைகளையும் சனிக்கிழமைகளையும் விழுங்கிய இடம் அது. அவள் அதற்குள் ஒரு முறைகூடப் போனதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, சினகோக்கின் நிலவறையில், வெப்பமூட்டும் இயந்திரத்துக்கு முன்னால் கனகலிங்கம் விழுந்தார். கண்டது கப்லான். அம்புலன்ஸ் வரும்வரை அவர்தான் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார். அங்கே அலுவலகத்தில் வேலை செய்யும் லிசா இதை யோகத்திடம் சொன்னாள். சொல்லிவிட்டு, மறைக்கத் தெரியாமல் இதையும் சொன்னாள்: வைத்தியர் தலையை ஆட்டியதும் கப்லான் எழுந்து, படியேறி வெளியே போய்விட்டார். பிறகு நிலவறைக்கு இறங்கவே இல்லை. உடலைக் கொண்டுபோகும் வாகனம் வரும்வரை பக்கத்தில் இருந்தது லிசாதான்.

யோகம் அதை விழுங்கிக்கொண்டாள். வயதான மனிதர், பயந்திருப்பார் என்று நினைக்கப் பார்த்தாள்.

தேவாரம் முடிந்தது. தம்பித்துரை ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அமரர் கனகலிங்கம் அவர்கள் எங்கள் மன்றத்தின் ஒரு தூண். தன்னலமில்லாத தொண்டர்..."

யோகம் முன்வரிசையில் இருந்து அவருடைய வாயைப் பார்த்தாள். தொண்டர். கிடாரம் கழுவுகிறவருக்கு அப்படியும் ஒரு பெயர் இருக்கிறது.

"அடுத்ததாக, அன்னார் பணியாற்றிய சினகோக்கின் தலைவர் ஹெர் கப்லான் அவர்களை அழைக்கிறேன்."

சனம் திரும்பிப் பார்த்தது. யோகமும் திரும்பினாள். கடைசி வரிசையில் லிசா மட்டும் இருந்தாள். பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது.

தம்பித்துரை பெயரை இன்னொரு தரம் சொன்னார்.

லிசா எழுந்தாள். கழுத்து வரை சிவந்திருந்தாள். "அவர் வெளியே நிற்கிறார்," என்றாள் ஜெர்மனில். "உள்ளே வர அவரால் முடியாது. மன்னியுங்கள்."

இளசுகளுக்கு உடனே விளங்கியது. அவர்கள் குனிந்து பெரியவர்களின் காதுக்குள் சொன்னார்கள். சொல் வரிசை வரிசையாக முன்னால் வந்தது. யன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யோகமும் பார்த்தாள். படலைக்கு அப்பால், தெரு நடைபாதையில், கறுப்புத் தொப்பியோடு ஒரு குட்டையான கிழவர் மழைக்குள் நின்றார். பக்கத்தில் ஒரு லிண்டன் மரம் இருந்தது. அதன் கீழும் ஒதுங்கவில்லை.

"உள்ளை வரமாட்டாராம்," என்றாள் பிறேமா. மெல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்.

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல்: "எந்த நாட்டுக்காரனும் ஆளைத் தெரிஞ்சுதான் வச்சிருக்கிறான்."

யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"ஹெர் கப்லான் அவர்கள் வாசல் வரைக்கும் வந்து அஞ்சலி செலுத்துகிறார்," என்றார் தம்பித்துரை ஒலிவாங்கியில். "அவருக்கு எங்கள் நன்றி." வாசல் வரைக்கும் என்ற இடத்தில் அவருடைய குரல் ஒரு கணம் சாய்ந்து நின்றது.

யோகம் எழுந்தாள். கதிரை பின்னால் சரிந்து விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முற்றத்தின் கற்கள் வழுக்கின. செருப்பு போடாத காலோடு அவள் படலை வரை போனாள். முதியோர் இல்லத்தின் சலவை அறையில் கற்ற ஜெர்மன் அவளுடையது. ஏசுவதற்குப் போதும்.

"ஏன் உள்ளே வரவில்லை? உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டு தரம் கூப்பிட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள்."

கப்லான் தொப்பியைத் தொட்டார். விளிம்பிலிருந்து நீர் வடிந்தது.

"லிங்கம் உங்களிடம் சொல்லவில்லையா?"

"என்ன சொல்லவில்லை?"

"நான் கொஹென். அவருக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். அதனால் உங்களுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்."

துஷானி ஓடி வந்து தாயின் தோளில் ஒரு சால்வையைப் போட்டாள். கப்லான் அவளைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் விளக்கினார். அவருடைய ஜெர்மனும் பிந்திக் கற்றதுதான். சொற்களைத் தேடித் தேடி எடுத்தார். துஷானி கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அம்மா, கொஹென் எண்டால் அவையளின்ரை ஐயர் வம்சம் மாதிரி. செத்த ஆக்கள் கிடக்கிற கூரைக்குக் கீழை அவை வரக்கூடாதாம். அப்பான்ரை விசயத்திலை மட்டுமில்லை. எல்லாச் செத்தவீட்டுக்கும் அப்பிடித்தான்."

"ஐயரோ?"

"மாதிரி. சரியா ஐயர் இல்லை."

"படிச்சு வந்ததோ, பிறப்பாலை வந்ததோ? கேள்."

"அம்மா—"

"கேளடி."

துஷானி கேட்டாள். கப்லான் தலையைக் குனிந்தார். "பிறப்பால். அப்பாவிடமிருந்து. வேலைக்கு நான் ட்ராம் எஞ்சினியர்தான்."

யோகம் சிரித்தாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு. நல்ல சிரிப்பில்லை.

"பாத்தியே? ஒரு ஐயருக்கு டெர்மின். மற்ற ஐயருக்குத் தீட்டு. உன்ரை கொப்பர் ரெண்டு பேருக்கும் வெளியாள். இந்தாள் நிலவறையிலை அவருக்கு உயிர் கிடக்குமட்டும் நெஞ்சிலை கை வச்சிருந்தாராம். போன உடனை கையை எடுத்துக்கொண்டு ஓடினாராம். அது தீட்டில்லாமல் வேறை என்ன? சொல்லு அவருக்கு. நான் சொன்ன மாதிரியே சொல்லு."

துஷானி சொன்னாள். அப்படியே சொல்லவில்லை. என்றாலும் கப்லானின் முகத்தில் பட்டது.

"உயிரைக் காப்பாற்ற எந்த விதியையும் மீறலாம்," என்றார் அவர். "மீறத்தான் வேண்டும். அதற்குப் பிறகு முடியாது. மனைவி இறந்தபோது நான் உள்ளே இருந்தேன். பெற்றோர், பிள்ளை, கூடப்பிறந்தவர்கள். இவர்களுக்குப் போகலாம். லிங்கம் அதில் இல்லை."

"ஏன் இல்லை?" என்றாள் யோகம் ஜெர்மனில்.

ஒரு பேருந்து போனது. நடைபாதை ஓரத்து நீர் அவருடைய காற்சட்டையில் அடித்தது. அவர் நகரவில்லை.

லிசா வந்து படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ராபி சொன்னதையும் சொல்லுங்கள், ஹெர் கப்லான்."

"வேண்டாம்."

"அப்போது நான் சொல்கிறேன்." லிசா யோகத்தைப் பார்த்தாள். மெதுவாக, அவளுக்கு விளங்கும்படி சொன்னாள். "எங்கள் மதகுரு, ராபி, போகலாம் என்றார். இறந்தவர் யூதர் இல்லையென்றால் இந்த விதி அவ்வளவு இறுக்கமில்லை. கூரைக்குள் போகலாம், தொடாமல் இருந்தால் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மாட்டேன் என்றது இவர்தான்."

யோகம் கப்லானைப் பார்த்தாள். "போகலாமா? போகலாம் என்றால் ஏன் போகவில்லை?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க ஈரமில்லாத துணி இருக்கவில்லை. திரும்பப் போட்டுக்கொண்டார்.

"லிங்கம் உயிரோடு இருந்தபோது பத்துப் பேரில் ஒருவராக அவரை எண்ண எனக்கு அனுமதி இல்லை. ஒன்பது பேரோடு நிற்போம். அவர் கதவருகில் நிற்பார். நான் எண்ணமாட்டேன். இப்போது செத்தவர்களில் ஒருவராக அவரை எண்ணாமல் விட எனக்கு அனுமதி தருகிறார்கள். அது எனக்கு வேண்டாம்."

துஷானி அதை மொழிபெயர்க்க நேரம் எடுத்தாள். ஒரு முறை சொல்லி, பிழையென்று நிறுத்தி, மறுபடி சொன்னாள். யோகத்துக்கு முதல் தரமே விளங்கிவிட்டது. படலைக் கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய கை தளர்ந்தது. பிறகு மறுபடி இறுகியது.

கோபம் போகவில்லை. அது கிழவரை விட்டு இறங்கி, திரும்பி, மண்டபத்தைப் பார்த்தது. யன்னல் கண்ணாடிகளில் முகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"எனக்கு விளங்குது," என்றாள் தமிழில். "உள்ளை இருக்கிறதுகளுக்கு விளங்குமே? நாளைக்கு மன்றத்திலை என்ன சொல்லுவினம்? யூதனும் உள்ளை வரேல்லை எண்டு சொல்லுவினம். வருசக் கணக்காச் சொல்லுவினம். பேரப்பிள்ளையளுக்கும் சொல்லிக் குடுப்பினம். இவர் இஞ்சை மழையிலை நிண்டது ஆருக்குத் தெரியும்?"

"நான் மைக்கிலை சொல்லுறன், அம்மா."

"நீ சொன்னால் நீ முட்டுக் குடுக்கிறாய் எண்டு சொல்லுவினம்." அவள் கப்லானிடம் திரும்பினாள். ஜெர்மன் சொற்களைப் பொறுக்கி அடுக்கினாள். "கூரை இல்லை என்றால்? அவர் வெளியே வந்தால்?"

கப்லான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வானத்துக்குக் கீழே என்றால் நிற்கலாம். பக்கத்தில் வரக்கூடாது. நாலு..." அந்த அளவுக்கு ஜெர்மன் சொல் அவருக்கு வரவில்லை. கையை மடித்து, முழங்கையைத் தொட்டு, நடுவிரல் நுனியைத் தொட்டுக் காட்டினார். நாலு விரலை நிமிர்த்தினார்.

"முழம்," என்றாள் யோகம்.

அவள் திரும்ப உள்ளே போனபோது, கிண்ணத்தில் வாய்க்கரிசி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

"எங்கை போட்டியள், யோகம்? நேரம் போகுது," என்றார் தம்பித்துரை.

அவள் பெட்டியருகே போனாள். பெட்டி ஒரு உருளைத் தள்ளுவண்டியின் மேல் இருந்தது. சக்கரத்தில் இருந்த பூட்டைக் காலால் மிதித்தாள். ஒன்று விட்டது. மற்றப் பக்கம் போய் அதையும் மிதித்தாள்.

"என்ன செய்யிறியள்?"

"வெளியிலை கொண்டுபோறன்."

"பெட்டியையோ? வாசல் தாண்டின பிணத்தைத் திருப்பி உள்ளை கொண்டாறது முறையில்லை, யோகம். வெளிக்கிட்டால் வெளிக்கிட்டதுதான்."

"முறையோ?" அவள் நிமிர்ந்தாள். "எங்களை எந்த முறைக்குள்ளை விட்டனீங்கள், அண்ணை, இண்டைக்கு எனக்கு முறை சொல்ல? அரிசி போடுற முறைக்குள்ளையோ? தண்ணி குடிக்கிற முறைக்குள்ளையோ?"

முப்பது வருடமாக ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள். ஒலிவாங்கி திறந்திருந்தது. அவளுடைய கடைசிச் சொல் கூரைவரை போய்த் திரும்பியது.

"விசர் பிடிச்சிட்டுது மனிசிக்கு," என்றாள் பிறேமா.

"ஓம், அக்கா. உங்கடை சீனி வருத்தம் மாதிரித்தான். ஆக்களைக் கண்டால் வரும்."

பின்வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

மலர்ச்சாலைக்காரன் கையுறையைச் சரிசெய்துகொண்டு வந்தான். இது திட்டத்தில் இல்லை என்றான். அடுத்த குடும்பம் காத்திருக்கிறது, மேலும் மழை பெய்கிறது என்றான்.

"இருபத்திரண்டு வருடம் உங்கள் நாட்டுப் பனியை வாரியவர் இவர்," என்றாள் யோகம். "இந்த மழை ஒன்றும் செய்யாது."

அவள் தள்ளினாள். பெட்டி நகர மறுத்தது, பிறகு நகர்ந்தது. துஷானி மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். கதவடியில் ஒரு உயர்ந்த படி இருந்தது. சக்கரம் அதில் முட்டி நின்றது. யோகம் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். மறுபடியும் முட்டியது. தம்பித்துரை ஒலிவாங்கிக்குப் பக்கத்திலேயே நின்றார். பின்வரிசையிலிருந்து இரண்டு ஆண்கள் எழுந்து வந்தார்கள். யோகத்துக்கு அவர்களின் பெயர் தெரியாது. ஒருவன் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டான். மலர்ச்சாலைக்காரனும் வேறு வழியில்லாமல் ஒரு மூலையைப் பிடித்தான். நாலு மூலையும் எழுந்து, படி தாண்டி, முற்றத்துக் கற்களில் இறங்கியது.

மழை கனகலிங்கத்தின் சட்டையில் புள்ளி புள்ளியாக விழுந்தது.

"அம்மா, மூடுவமோ?"

"வேண்டாம்."

படலைக்கு இந்தப் பக்கம், முற்றத்தின் நடுவில் பெட்டியை நிறுத்தினாள். பூட்டுகளை மிதித்தாள். பிறகு தலைமாட்டருகே பக்க விளிம்பின் கீழே குந்தி, முழங்கையை ஈரக் கல்லில் ஊன்றி, படலைப் பக்கமாகக் கையை நீட்டினாள். நடுவிரல் நின்ற இடத்தில் முழங்கையை வைத்தாள். மறுபடி நீட்டினாள். வெள்ளைச் சேலை கல்லில் இழுபட்டது. நாலாவது தரம் விரல் நின்ற இடத்தில், தலையிலிருந்து ஒரு கொண்டையூசியை உருவி வைத்தாள். எழுந்தாள்.

"இங்கே," என்றாள் கப்லானிடம்.

லிசா படலையைத் திறந்தாள். கப்லான் நடைபாதையிலிருந்து முற்றத்துக்குள் வந்தார். நிலத்தைப் பார்த்தபடி வந்தார். கொண்டையூசிக்கு முன்னால் சப்பாத்தின் நுனி தொடாமல் நின்றார்.

மண்டப வாசலில் சனம் நெருக்கி நின்றது. முன்னால் நின்றவர்கள் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். படியை விட்டு ஒருவரும் இறங்கவில்லை. கூரை முடிகிற இடத்தில், மழை விழுகிற கோட்டுக்கு உள்ளே, வரிசையாகச் சப்பாத்துகள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தம்பித்துரை தலையை நீட்டினார்.

"லிங்கம்," என்றார் கப்லான்.

பிறகு நிறுத்தினார். கழுத்தை நீட்டினார். பெட்டியின் பக்கப் பலகை உயரமாக இருந்தது. அவர் குட்டை. குதிக்காலை உயர்த்திப் பார்த்தார், முகம் தெரியவில்லை. அவருடைய வலது கால் கொண்டையூசியைத் தாண்ட எழுந்தது, அந்தரத்தில் நின்றது, திரும்ப வந்து பழைய இடத்தில் ஊன்றியது.

யோகம் அதைப் பார்த்தாள்.

அவள் தலைமாட்டுக்குப் போனாள். தலையணைக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தாள். கனகலிங்கத்தின் தலை கனமாக இருந்தது. அதை மெல்ல உயர்த்தி, கிழவர் நின்ற பக்கமாகத் திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.